இந்த பாத்ரூம்ல என்ன குறை?

செருப்பை அங்கனயே விட்டுருங்க. நீங்களும் வாங்க தம்பி, கூச்சப்படாதீங்க. டைல்ஸ் கடை ஆல்பர்ட்தானே அனுப்புனாரு? போன் பண்ணிச் சொன்னாரு. வீடு கட்டுறவங்க, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வர்றாங்க, வார்டன் சார் உங்க பாத்ரூமைக் கொஞ்சம் காட்டி விடுங்கன்னு. திண்டுக்கல்லுல இப்ப வீடு கட்டுறவங்க எல்லாரும் இங்க ஒரு எட்டு வந்து பாத்துட்டுத்தான் போறாங்க. பாக்க வேண்டியவதான் இன்னும் வந்து பாக்கல.

என் வீட்டுக்காரியைச் சொல்றேன். பேரு ரீத்தா. கரூர்ல மக வீட்டுல இருக்கா. ஈஸ்டர் முடிஞ்ச கையோட போனவ, இந்தா கிறிஸ்துமஸ் வரப் போகுது. அவளுக்காகக் கட்டுனதும்மா இது. அவ ஒருத்திக்காக. அதனால உங்ககிட்ட ஒரு உதவி கேக்குறேன். நீங்க பொம்பளை, உங்க கண்ணுக்குத் தெரியும். சுத்திப் பாருங்க, தொட்டுப் பாருங்க, குழாயைத் திறந்து பாருங்க. பாத்துட்டு இதுல என்ன குறைன்னு சொல்லுங்க. நல்லாருக்குன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிராதீங்க. வர்றவங்க எல்லாரும் அதைத்தான் சொல்லிட்டுப் போறாங்க. நல்லாருந்தா ஏம்மா அவ வர மாட்டேங்குறா?

சரி, வாங்க. தரையில காலை வச்சுப் பாருங்க. வழுக்குதா? வழுக்காது. பளபளப்பு சுவத்துக்கு, சொரசொரப்பு தரைக்கு. ஆல்பர்ட்டு தரைக்கும் பளபளன்னு ஒண்ணை என் தலையில கட்டப் பாத்தாரு. நடக்குமா? பாலிடெக்னிக் ஹாஸ்டல்ல வார்டனா இருந்தே தலை நரைச்சவன் நான். பாத்ரூமைப் பத்தி எனக்குச் சொல்லிக் கொடுக்க இனிமே ஒருத்தன் பொறந்து வரணும். இந்தா, ஒரு மக்குத் தண்ணி ஊத்துறேன், பாருங்க. எங்கயாச்சும் நிக்குதா? நேரா மூலைக்குப் போயிரும். வாட்டம் சரியில்லன்னு மேஸ்திரி போட்ட தரையை உடைச்சுத் திரும்பப் போட வச்சேன். அந்தாளு என்னைத் திட்டிக்கிட்டேதான் போட்டாரு. திட்டட்டும்.

வசதியும் வேணும், ஆடம்பரமும் வேணும். இதான் நான் ஆல்பர்ட்டுகிட்ட முதல் நாளே சொன்னது. வசதி மட்டும் இருந்தா ஹாஸ்டல் பாத்ரூம். ஆடம்பரம் மட்டும் இருந்தா லாட்ஜு பாத்ரூம். ரெண்டும் வேணும், என் வீட்டுக்காரி பாத்துட்டு வாயைப் பொளந்து நிக்கணும்னேன். இந்தக் கண்ணாடித் தடுப்பு பாத்தீங்கள்ல? இந்தப் பக்கம் குளிக்கலாம், அந்தப் பக்கம் ஒரு சொட்டுத் தண்ணி போகாது. ஷவரைத் திருகி விடுங்க தம்பி. தள்ளி நின்னு திருகுங்க, சட்டை நனைஞ்சிரும். பாத்தீங்களா, மழை மாதிரி இல்ல? சுடுதண்ணிக்கு மேல சோலார். ஆனா வாளியும் மக்கும் அங்கனயே இருக்கு பாருங்க. என்ன ஷவர் வச்சாலும் அவளுக்கு வாளியில மோந்து ஊத்துனாத்தான் குளிச்ச மாதிரி இருக்கும். எனக்குத் தெரியும்ல. எல்லாம் தெரிஞ்சுதான் செஞ்சிருக்கேன்.

இது பிடிச்சுக்கிற கம்பி. ஸ்டீல்ல போட்டா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்னு பித்தளை நிறத்துல தேடி வாங்கினேன். சோப்பு, சீயக்காய், மஞ்சள் எல்லாத்துக்கும் சுவத்துலயே மாடம். குனிய வேண்டியதே இல்ல. அவளுக்கு முழங்கால் வலி. கண்ணாடியைச் சுத்தி விளக்கு. போய் நின்னு பாருங்கம்மா, முகம் எப்படித் தெரியுதுன்னு. பழைய பாத்ரூம்ல அவளுக்குக் கண்ணாடியே கிடையாது. நாந்தான் வைக்கல. கண்ணாடி வச்சா நேரமாகும்.

இந்தா இதைப் பாருங்க, இதான் முக்கியம். இந்த கிரானைட் மேடை. முனையெல்லாம் உருட்டி விட்டிருக்கேன், உக்காந்தா குத்தாது. உக்காந்து பாருங்கம்மா. சும்மா உக்காருங்க, ஈரம் இல்ல. அவ உக்கார்றதுக்குன்னே போட்டது. ஏன்னு சொல்றேன், அப்பத்தான் உங்களுக்கு விளங்கும்.

ஈஸ்டர் முடிஞ்ச அடுத்த ஞாயித்துக்கிழமை. மத்தியானம் சாப்பிட்டோம், பாத்திரத்தைக் கழுவி வச்சா, மேலுக்கு ஊத்திட்டு வாரேன்னு போனா. பழைய பாத்ரூம் இதே இடந்தான். இருட்டு, பாசி, மரக் கதவு, அதுல உள்பக்கம் அந்தக் காலத்துத் தாப்பா. போனவ வரல. நான் வழக்கம் போல ஒரு தட்டுத் தட்டினேன். தப்பா நினைக்காதீங்க, கோவத்துல தட்டுறதில்ல. உள்ள போனா கொஞ்ச நேரத்துல ஒரு தட்டு. "என்ன?"ம்பா. சரின்னு வந்துருவேன். இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு தட்டு. "இருக்கேன்"ம்பா. அம்புட்டுத்தான். கல்யாணம் ஆன நாள்ல இருந்து அப்படித்தான். அவ ஒருநாளும் முகஞ்சுளிச்சது கிடையாது. எம் மக ஜெசிதான் சின்ன வயசுல உள்ள இருந்தே அழுவா, அப்பா தட்டாதீங்கப்பான்னு. பிள்ளைங்கன்னா அப்படித்தான். ரீத்தா ஒரு சொல் சொன்னதில்ல.

அன்னிக்குத்தான் "இருக்கேன்"னு சொல்லல.

தட்டுறேன், பதில் இல்ல. தண்ணி விழுற சத்தம் இல்ல. ரீத்தா, ரீத்தான்னு கத்துறேன். ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லம்மா. கதவைத் தோளால இடிக்கிறேன், அசையல. ஏன் இப்படித் தட்டுறேன், ஏன் பதறுறேன்னு நீங்க நினைக்கலாம். கல்யாணத்துக்கு முந்தி, வேலைக்குச் சேந்த புதுசுல, ஹாஸ்டல்ல ஒரு பையன். வத்தலக்குண்டு பக்கம், நல்ல பையன். வலிப்பு வரும்னு வீட்டுல சொல்லாம மறைச்சுட்டாங்க. குளிக்கப் போனவன் உள்ள தாப்பா போட்டுட்டான். வலிப்பு வந்து விழுந்து, குழாயில தலை அடிச்சு... கதவை உடைச்சு நாந்தான் தூக்குனேன். பிழைக்கல. அன்னிக்கே ஹாஸ்டல் முழுக்க அத்தனை பாத்ரூம்லயும் தாப்பாளைக் கழட்டி எறிஞ்சேன். பையனுங்க முணுமுணுத்தாங்க. முணுமுணுங்கடா, உயிரோட இருந்து முணுமுணுங்கன்னேன். அதுக்கப்புறம் ஒரு அசம்பாவிதம் உண்டா? கேட்டுப் பாருங்க. ரிட்டயர் ஆகுற வரைக்கும் ஒண்ணும் கிடையாது. பயம்மா. எனக்கு மூடுன கதவுன்னாலே பயம். அதை வெளிய சொல்ல முடியுமா? வார்டன் பயப்படலாமா?

பக்கத்து வீட்டு ஸ்டீபனைக் கூப்பிட்டேன். கடப்பாரையோட ஓடி வந்தான். அவன் பொண்டாட்டி வந்தா, எதிர் வீட்டுக்காரங்க வந்தாங்க, தெருவே வந்துருச்சு. கதவை நெம்பிப் பேத்தோம்.

உள்ள வாளியைக் கவுத்துப் போட்டு அதுமேல உக்காந்திருக்கா. குளிச்சு முடிச்சு, சேலை கட்டி, தலையில துண்டைச் சுத்திக்கிட்டு, கை ரெண்டையும் மடியில வச்சுக்கிட்டு. ஒண்ணுமே ஆகல. முழுசா உக்காந்திருக்கா.

எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க தம்பி. போன உயிரு வந்துச்சு, கூடவே கோவமும் வந்துச்சு. "ஏண்டி, இத்தனை பேரு கத்துறோம், வாயில என்ன வச்சிருந்தே?"ன்னேன். என்னைப் பாத்தா. அம்புட்டுப் பேரையும் பாத்தா. "சும்மா உக்காந்திருந்தேன்"னா. எழுந்திருச்சு, வாளியை நிமித்தி வச்சு, குழாய்க்கடியில தள்ளி விட்டுட்டு, எல்லாருக்கும் நடுவுல நடந்து உள்ள போயிட்டா. சாயங்காலம் பையோட வந்து நிக்கிறா. கொஞ்ச நாள் ஜெசி வீட்டுல இருந்துட்டு வாரேன்னு. நான் போய்ட்டு வான்னேன். பஸ்ஸும் ஏத்தி விட்டேன்.

ரெண்டு வாரம் கழிச்சுத்தான் எனக்கு உறைச்சுது. வாளிமேல உக்காந்திருந்தாம்மா. வயசான காலத்துல, முழங்கால் வலியோட, உக்கார ஒரு இடம் இல்லாம வாளியைக் கவுத்துப் போட்டு உக்காந்திருக்கா. அந்தக் குறையை வாய் திறந்து எங்கிட்டச் சொல்லத் தெரியல. அதை மனசுல வச்சுக்கிட்டுத்தான் போயிட்டான்னு புரிஞ்சுது. அன்னிக்கே பழசை இடிச்சேன். முதல்ல போட்டது இந்த மேடைதான். மத்ததெல்லாம் அப்புறம்.

ஆமாம்மா, கதவுதான். பாக்குறீங்களே. தண்ணிக்கு ஊறாத கதவு, மர நிறம், பூ வேலை. கீழ இந்த இடைவெளி எதுக்குன்னு தம்பி குனிஞ்சு பாக்குறாரு. காத்தோட்டத்துக்குத் தம்பி. இன்னொண்ணும் இருக்கு, வெளிய நின்னா உள்ள கால் தெரியும். கால் நிக்குதா, படுத்திருக்கான்னு தெரிஞ்சிரும். இனிமே தட்டணும்கிற அவசியமே இல்ல. அவளுக்கும் தொல்லை இல்ல, எனக்கும் நிம்மதி. இந்தா, சுவத்துல ஒரு பெட்டி இருக்குல்ல? ஹால்ல ஒரு பட்டன் வச்சிருக்கேன். நான் அங்க நாற்காலியில உக்காந்தபடியே அமுக்கி ரீத்தான்னா, இங்க அவளுக்குக் கேக்கும். அவ எங்கயும் அமுக்க வேண்டாம், இருந்த இடத்துல இருந்து பேசினாப் போதும். சோப்புக் கையோட அவ பட்டனைத் தேட முடியுமா? இதெல்லாம் யாரு யோசிப்பா? எந்த ஸ்டார் ஓட்டல்ல இருக்கு இது?

என்ன கேட்டீங்க?

தாப்பாளா?

நீங்களும் அதைத்தான் கேக்குறீங்க. இல்லம்மா. தாப்பா வைக்கல. உள்ளயும் இல்ல, வெளியவும் இல்ல. பூட்டுக்குப் பேர் போன ஊரு, வைக்கத் தெரியாமலா வைக்கல? எதுக்குன்னு கேக்குறேன். வீட்டுல யாரு இருக்கா? அவளும் நானும். மூணாவது மனுசன் கிடையாது. வேலைக்காரிகூடக் கிடையாது. யாரு வந்து திறக்கப் போறா? நான் திறப்பனா? நான் வெளியதானே நிப்பேன்.

வேலை முடிஞ்சதும் போன்ல படம் பிடிச்சு அனுப்புனேன். வீடியோ. தரையில இருந்து ஆரம்பிச்சு ஒண்ணு விடாம, நானே விளக்கம் சொல்லி. மேடையைக் காட்டும்போது, "ரீத்தா, இது உனக்குன்னே போட்டது"ன்னு சொன்னேன். அப்படியெல்லாம் நான் பேசுற ஆளே கிடையாது. அனுப்பிட்டுப் போனைக் கையிலயே வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். கூப்பிட்டா. அவளாக் கூப்பிட்டது அன்னிக்குத்தான். "நல்லாப் பண்ணிருக்கீங்க"ன்னா. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? அப்புறம், "உள்ள தாப்பா வச்சிருக்கீங்களா?"ன்னா. ஒரே கேள்வி. ஷவரைப் பத்திக் கேக்கல, சோலாரைப் பத்திக் கேக்கல. நான் சிரிச்சுட்டேன். "அட, நீயும் நானும் இருக்குற வீட்டுல தாப்பா எதுக்குடி?"ன்னேன்.

அத்தோட லைன் கட்டாயிருச்சு. கரூர்ல டவர் சரியில்ல.

அதுக்கப்புறம் எத்தனையோ தடவை போட்டுட்டேன். மணி அடிக்குது, அடிக்குது, எடுக்க மாட்டேங்குறா. ஜெசிக்குப் போட்டா, அப்பா கொஞ்ச நாள் போகட்டும்ங்குறா. வந்து கூட்டிட்டுப் போறேன்னேன், இப்ப வராதீங்கப்பான்னு சொல்லிட்டா. ஜூன் மாசம் அவங்க வேற வீடு மாறிட்டாங்க, அந்த வீட்டை நான் பாத்தது கூட இல்ல. வாசல் எந்தப் பக்கம்னு தெரியாது. வாடகை வீடு. மருமகனுக்குச் சம்பளம் கம்மி, அங்க என்ன பெரிசா இருந்துடப் போகுது? இங்க இம்புட்டையும் வச்சுக்கிட்டு நான் ஒத்தையில கிடக்கேன்.

சொன்னா நம்ப மாட்டீங்க, இந்த பாத்ரூம்ல நான் இன்னும் குளிச்சதில்ல. பின்னால துணி துவைக்கிற கல்லுகிட்டதான் வாளியை வச்சு ஊத்திக்கிறேன். இந்தப் பனியிலயும். முதல்ல அவ குளிக்கணும். சோப்பு உறை பிரிக்காம இருக்கு பாருங்க. துண்டு மடிப்புக் கலையல. தினமும் காலையில துடைச்சு வைக்கிறேன், சாயங்காலம் துடைச்சு வைக்கிறேன். சாப்பாடு மெஸ்ஸுல. கோயிலுக்குப் போனா பங்குச் சாமியாரு கேக்குறாரு, ரீத்தாம்மா எங்கன்னு. மக வீட்டுக்குப் போயிருக்காங்கன்னு எத்தனை மாசந்தான் சொல்றது? ஸ்டீபன் பொண்டாட்டி என்னைக் கண்டா ஒரு மாதிரி பாக்குறா. அன்னிக்குக் கதவைப் பேக்கும்போது அவளும்தானே கூட நின்னா?

நான் குடிக்கிறவன் இல்ல. கை நீட்டுனவன் இல்ல. அவளை ஒருத்தரும் ஒண்ணு சொல்லாம பாத்துக்கிட்டேன். உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுக் கதவுக்கு வெளிய நின்னவன்மா நான். அது ஒரு குத்தமா?

இல்லம்மா, நீங்க சொல்றது புரியுது. உங்க வீட்டுல நீங்க தாப்பா வச்சுக்குங்க. சின்னவங்க, பிள்ளைங்க இருக்கும், நாலு பேரு வந்து போவாங்க. வச்சுக்குங்க, நான் வேண்டாங்கல. இங்க வச்சு, அவ உள்ள போய் மயங்கி விழுந்துட்டா? நான் திரும்பக் கடப்பாரை தேடணுமா? எனக்கு அந்தத் தெம்பு கிடையாது. ஒரு தடவை தூக்குன கை இது. அந்தப் பையன் எம்புட்டுக் கனம் கனத்தான்னு எனக்குத்தான் தெரியும்.

தம்பி, நீங்க ஏன் வெளிய போறீங்க? இருங்க. நான் சத்தம் போடல. என் குரலே அப்படித்தான்.

அம்மா, ஒண்ணு செய்வீங்களா? உங்க போன்ல இருந்து ஒரு தடவை போடுங்களேன். என் நம்பரைப் பாத்தாத்தானே எடுக்க மாட்டேங்குறா. உங்க நம்பர்னா எடுப்பா. நான் பேச மாட்டேன், மூச்சு விட மாட்டேன். நீங்களே சொல்லுங்க, வீடு கட்டுறோம், பாத்ரூம் பாக்க வந்தோம், அருமையா இருக்கு, ஏங்க நீங்க வந்து இருக்க மாட்டேங்குறீங்கன்னு சொல்லுங்க. ஒரு பொம்பளை சொன்னா அவ கேப்பா. நான் சொன்னா உத்தரவு போடுற மாதிரி இருக்காம், ஜெசி சொல்லுவா. உங்களை எனக்கு யாருன்னு தெரியாது, ஆனா வேற யாருகிட்டப் போய்க் கேப்பேன்? கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்குறேன்மா. மாட்டேன்னு சொல்லிராதீங்க.

நீங்க நல்லா இருப்பீங்க. இந்தாங்க நம்பர். சத்தத்தைக் கூட்டி வையுங்க, எனக்கும் கேக்கட்டும்.

மணி அடிக்குது.

எடுத்துட்டாங்க. ஜெசி. ஜெசி குரல்தான் இது, நான் பேசுறது அங்க கேக்காம போனைக் கீழ கையால பொத்திக்குங்க. அம்மாவைக் கேளுங்க. ரீத்தாம்மா இருக்காங்களான்னு கேளுங்க. யாருன்னு கேட்டாக் கோயில்ல தெரிஞ்சவங்கன்னு சொல்லுங்க.

குளிச்சிட்டிருக்காளா?

என்னம்மா அது பின்னால? ஒரு பாட்டு கேக்குது. ரேடியோவான்னு கேளுங்க.

யாரு? யாருன்னு சொன்னா? இல்ல, நீங்க சரியாக் கேட்டிருக்க மாட்டீங்க.

ரீத்தாவா பாடுறா?

இருங்க. கொஞ்சம் பேசாம இருங்க. கல்யாணத்தப்போ அவங்க அண்ணன் சொன்னாரு, எங்க ரீத்தா கோயில் பாட்டுக் குழுவுல முதல் குரல்னு. நான் கேட்டதில்லம்மா. பூசையில பக்கத்துல நிப்பா, உதடு அசையும், சத்தம் வராது. தொண்டை போயிருச்சுன்னு நினைச்சுக்கிட்டேன். எம்புட்டுச் சத்தமாப் பாடுறா பாருங்க. தண்ணி ஊத்துற சத்தத்தையும் மீறிக் கேக்குது. இதெல்லாம் எங்க வச்சிருந்தா இவ? எனக்கு அழுகையா வருதும்மா.

ஜெசி என்னமோ சொல்றாளே. உள்ள போனா அம்மா சீக்கிரம் வர மாட்டாங்க, நாங்களும் கூப்பிடறதில்ல, அப்புறமாப் பேசுங்கன்னா? வச்சிரப் போறா. விடாதீங்க, வைக்காதீங்கன்னு சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு கேட்டுருங்க. அந்த பாத்ரூம்ல என்ன டைல்ஸ் போட்டிருக்காங்கன்னு கேளுங்க. என்ன கலரு, என்ன குழாய், ஜன்னல் எந்தப் பக்கம், கேளுங்கம்மா, எழுதிக்கிறேன். இதையெல்லாம் நாளைக்கே இடிச்சுட்டு அதே மாதிரி கட்டிடறேன்னு சொல்லுங்க.